ரோசரியின் நிரை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. உயர்ந்த நோக்கம் ஏதோ இருந்ததாகப் பின்னால் யாராவது முன்னுரை எழுதினால் நம்பாதீர்கள்.

1989 முடியப்போகிற சமயம். என் கணவர் லியோனார்ட் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கணினிப் பத்திரிகையைக் கொண்டுவந்து கோப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தார். கோப்பையைத் தூக்கினேன். ஈர வட்டத்துக்குள் ஒரு செய்தி. 1971இல் அமெரிக்காவில் ஒரு மாணவர், பல்கலைக்கழகத்துப் பெரிய கணினியில் பழைய அரசியல் அறிக்கை ஒன்றைத் தட்டி, வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தாராம். எடுத்தவர்கள் ஆறு பேராம். அதற்குப் பிறகு பெரும்பாலும் அவரே, அங்கங்கே உதவிக்கு வந்த சிலரோடு, தட்டித் தட்டி, பதினெட்டு வருஷத்தில் பத்து தலைப்பு சேர்ந்திருக்கிறதாம். ஒவ்வொன்றையும் மைல்கல் மைல்கல் என்று எழுதியிருந்தார்கள்.

"நம்ம பேராக் மாநிலத்துல இந்த மாதிரி யாரும் இல்லியா?" என்று கேட்டேன்.

"எப்படி ஐவி இருக்கும்? எழுபத்தொண்ணுல நம்ம ஆளுங்க ஐசி கார்டு இல்லாம, வேல பெர்மிட் இல்லாம தோட்டத்துல முழிச்சிக்கிட்டு நின்னாங்க. கம்ப்யூட்டரா தட்டுவாங்க? சும்மா இரு லா."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எரிச்சல் வந்தது. இல்லையென்றால் என்ன, நான் உண்டாக்குகிறேன் என்று உட்கார்ந்தேன். ஆகவே, வாசிப்பவரே, இப்போதே சொல்லிவிடுகிறேன்: அமெரிக்க மாணவர் உண்மை. இனிமேல் வரப்போகும், ஈப்போவை ஒட்டிய புந்தோங் ஆட்களும், அவர்கள் தட்டிய புத்தகமும், அந்தப் புத்தகத்தின் சொந்தக்காரியும் என் கைவேலை. ஈப்போவில் போய் விசாரித்து அலையாதீர்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு விரல் ஒரு பொத்தானை அழுத்திய அதே கணத்தில், ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ஓர் உளி ரப்பர் மரத்தின் பட்டையை—"

வேண்டாம். அதே கணத்தில் என்று எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அங்கே பகல் என்றால் இங்கே ஊரே தூங்கிக்கொண்டிருக்கும்.

[குறிப்பு: வெளியூர்க்காரர்களுக்கு. எங்கள் பக்கத்தில் மைல்கல்லைக் கட்டை என்போம். ஒன்பதாங்கட்டை என்றால் ஈப்போவிலிருந்து ஒன்பதாவது மைல். அந்த இடத்தில் தோட்டம் எதுவும் இல்லை. கதைக்காக நட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்:

"டொமினிக் ஒரு லட்சியவாதி. அவனுடைய கண்களில்—"

கண்களில் ஒன்றும் இல்லை. டொமினிக் கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷன். வார நாளில் அங்கேயே அறை. சனிக்கிழமை மத்தியானம் புந்தோங் வீட்டுக்கு வந்துவிடுவான். 1984இல், அசல் வாங்க வசதியில்லாமல், பார்க்க அசல் மாதிரியே இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைப் பினாங்கில் வாங்கி, முடிவெட்டும் கடைக்கு மேல்மாடி அறையில் வைத்தான். பச்சை எழுத்துத் தெரியும் திரை. தமிழ் எழுத்து அதில் வராது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். "படிக்கத் தெரிஞ்சவன் படிச்சிக்குவான் லா, மொதல்ல உள்ள ஏத்துவோம்" என்பது அவன் கட்சி. அமெரிக்காவில் நடப்பதைப் பற்றி அவனும் எங்கேயோ படித்திருந்தான். தோட்டத்து ஆட்கள் எழுதிய ஒரு புத்தகத்தையாவது அந்த மாதிரி இலவசமாக டிஸ்க்கில் ஏற்றி ஊரெல்லாம் அனுப்ப வேண்டும் என்று ஒரு வெறி.

லட்சியவாதி என்று எழுதியது தவறில்லை போலிருக்கிறது. இருந்தாலும் அந்த வாக்கியம் பிடிக்கவில்லை.

3

மூன்றாவது தொடக்கம் ஈப்போ–தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸில். இது நிற்கும் என்று தோன்றுகிறது.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் சன்னாசி. நாற்பத்தைந்து வயது. ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு புந்தோங்குக்கு வந்தவர். டொமினிக் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். தமிழ்ப் புத்தகம் என்றால் பழைய பேப்பர்க் கட்டையும் விடமாட்டார். டொமினிக்கின் மேல்மாடிக்கு முதலில் வேடிக்கை பார்க்கப் போனார். பிறகு ஒற்றை விரலால் தட்டப் பழகிக்கொண்டார்.

அந்த பஸ்ஸில் தினமும் ஏறுகிறவள் நல்லம்மாள். தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. நாற்பது வயது. அவளும் ஒன்பதாங்கட்டைதான். அவள் அப்பா மாயாண்டி, பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கதையை ஒன்றுவிடாமல் எழுதி, 1956இல் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் சொந்தக் காசில் போட்டார். பெயர் 'ஒன்பதாங்கட்டைச் சரித்திரம்'. போட்டதில் பாதியைக் கறையான் தின்றது. மீதி எங்கே போனது என்று தெரியவில்லை. மிஞ்சியது நல்லம்மாள் வீட்டில் இருந்த ஒன்றுதான்.

சன்னாசி கேட்டதும் அவள் உடனே கொடுத்துவிடவில்லை. சில வாரம் யோசித்தாள். ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் ஏறி, பிளாஸ்டிக் பையைச் சுற்றிய புத்தகத்தை அவர் கையில் வைத்தாள்.

"அண்ணே, தட்டிட்டா அப்புறம் அழியாதா?"

"எத்தன காப்பி வேணும்னாலும் எடுக்கலாமாம் தங்கச்சி. டொமினிக் சொல்றான். ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்குமாம்."

"அப்ப செய்ங்க. உள்ள ஜப்பான்காரன் காலத்துல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வர்ற கட்டம் இருக்கு. மத்தது எப்படியோ போவட்டும். அந்தக் கட்டம் மட்டும் ஒரு வரி விடாம தட்டிருங்க. அதுக்குத்தான் குடுக்கிறேன்."

"நீ அத பத்திக் கவலப்படாத. அது என் பொறுப்பு" என்றார் சன்னாசி.

இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது இது ஒன்றுதான். அந்தக் காய்ச்சல் கட்டம். கடைசி வரை மறைத்து வைத்து உங்களைப் பிடித்துவைக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்தப் பக்கங்கள் தொலையப்போகின்றன.

4

எப்படித் தொலைந்தன என்பதற்கு முன்னால் நிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் ஒரு ஆளுக்கு வெட்டுவதற்கு ஒதுக்கிய மரவரிசைகளுக்கு நிரை என்று பெயர். உன் நிரை உனக்கு, என் நிரை எனக்கு. அடுத்தவர் நிரையில் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க நேரம் இருக்காது. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியோ உடம்பு முடியாதவளோ காட்டுக்கு வரவில்லை என்றால் அவள் நிரையைச் சும்மா விடமாட்டார்கள். பக்கத்து நிரைக்காரர் தன் மரங்களை முடித்துவிட்டு அவள் மரங்களையும் வெட்டுவார். அந்தப் பாலைத் தன் கணக்கில் சேர்க்க மாட்டார். பால் ஸ்டோரில் நிறுக்கும்போது அவள் பெயரைச் சொல்லி அவள் வாளியில் ஊற்றிவிட்டு வருவார். யார் வெட்டியது என்று கணக்கெழுதும் கிராணி கேட்க மாட்டார். வெட்டியவரும் சொல்ல மாட்டார். சொன்னால் அந்த உதவிக்கு மதிப்பில்லை.

புத்தகத்தைத் தட்ட வேண்டியவர்கள் மூன்று பேர். டொமினிக், சன்னாசி, மூன்றாவதாக டொமினிக்கின் சித்தப்பா மகள் ரோசரி. ரோசரி ஈப்போ டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். விரல் பார்க்காமல் தட்டுவாள். ஒரு புத்தகத்தை மூன்று பேர் எப்படிப் பங்குபோடுவது?

"நிரை பிரிச்சிக்குவோம்" என்றார் சன்னாசி.

நல்லம்மாளிடம் கேட்டுவிட்டுத் தையலை அறுத்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம். முடிந்ததும் அடுத்த பன்னிரண்டு. அவரவர் பக்கத்தை அவரவர் வீட்டுக்கோ வேலைக்கோ எடுத்துப் போய், நேரம் கிடைக்கும்போது பேப்பரில் ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதி வைத்துக்கொண்டு, சனி ஞாயிறில் மேல்மாடியில் தட்டுவது. எல்லாம் முடிந்ததும் மறுபடி தைத்துக் கொடுப்பது. ஏற்பாடு பிரமாதம். அதில் ஒரு விஷயம் யாருக்கும் உறைக்கவில்லை. மூன்று பேரில் ஒருவர்கூட முழுப் புத்தகத்தையும் படிக்கவில்லை.

[லியோனார்ட் இந்த இடத்தில் தலையிட்டார். "சன்னாசி புத்தகப் பைத்தியம்னு சொல்ற. கைக்கு வந்ததும் படிக்க மாட்டாரா?" நியாயமான கேள்வி. பஸ்ஸில் வாங்கிய அன்று சாயங்காலமே டொமினிக் கத்தியும் கையுமாக நின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வக்கோளாறு எந்தத் திட்டத்துக்கும் பொதுவானது.]

5

காய்ச்சல் கட்டம் ரோசரியின் நிரையில் விழுந்தது.

அதற்கு முன் பக்கங்கள் டொமினிக்குடையவை. அதில் மாயாண்டி எழுதுகிறார்: மகள் நல்லம்மாளுக்கு ஆறு வயது. தோட்டத்தில் அரிசி இல்லை, மருந்து இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் காண்கிறது. அம்மா கருப்பம்மாள் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போடுகிறாள். "அன்று விடியும்போது பிள்ளையின் உடம்பு" என்று டொமினிக்கின் கடைசிப் பக்கம் வாக்கியத்தின் நடுவில் முடிகிறது. பிறகு ரோசரியின் பன்னிரண்டு. அதற்கு அடுத்தது சன்னாசியுடையது. அது இப்படித் தொடங்குகிறது: "வெள்ளைக்காரன் திரும்பி வந்த செய்தி கேட்டு நல்லம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு, பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் போனேன்."

ரோசரி தன் பக்கங்களை ஆபீஸ் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதலாம் என்று எண்ணம். வேலை நெருக்கியது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். ஒருநாள் காய்ச்சல் என்று லீவு போட்டாள் (அவளுக்கும் காய்ச்சல் கொடுத்தது என் புத்திசாலித்தனம், இப்போது பிடிக்கவில்லை, பல்வலி என்று மாற்றிக்கொள்ளுங்கள்). அன்றைக்கு ஆபீசை அதே கட்டடத்து மேல்மாடிக்கு மாற்றினார்கள். கூலியாட்கள் பழைய மேசைகளைக் குப்பையோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் அவள் போய்க் கேட்டபோது லாரி எந்தப் பக்கம் போனது என்று சொல்லவும் ஆளில்லை.

டொமினிக்கிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். சன்னாசி வெறும் பஸ்ஸில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, என் பக்கம் போயிருச்சு."

"எங்க போச்சு?"

"போயிருச்சு அண்ணே. மேசையோட போயிருச்சு. பன்னெண்டும்."

அவர் ரொட்டியை மடித்து வைத்தார். "படிச்சியா? என்னா இருந்திச்சின்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லண்ணே. தொடக்கூட இல்ல." அவள் அழத் தொடங்கினாள். "அந்தக்கா என்னய நம்பித்தான குடுத்தாங்க. எப்படிண்ணே மூஞ்சில முழிப்பேன்?"

"உன்னய நம்பிக் குடுக்கல. என்னய நம்பிக் குடுத்தாங்க." ரொட்டிப் பொட்டலத்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். "நீ வாயத் தொறக்காத. ஞாயித்துக்கெழம வழக்கம்போல வா. ஒன் நிரைய நான் பாத்துக்கறேன்."

6

இங்கேதான் எனக்குச் சன்னாசி மேல் சந்தேகம்.

நல்ல மனிதர். சரி. ரோசரி மேல் பழி வரக் கூடாது என்று நினைக்கிறார். அதுவும் சரி. ஆனால் அடுத்தவர் எழுதிய புத்தகத்தில் இல்லாத பக்கங்களைத் தானே எழுதிச் சேர்க்கலாம் என்று ஒரு மனிதருக்கு எப்படித் தோன்றும்? நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் அயோக்கியனாகவே வந்தார். ஐந்தாவது முறை அவரைப் படித்தவராக எழுதுவதை விட்டுவிட்டு, பால்வெட்டியாக எழுதினேன். ஒரு நிரை வெட்டாமல் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக அவர் கைக்குத் தெரியாது. வெட்டுவார். பாலை அவள் வாளியில் ஊற்றுவார். யாரிடமும் சொல்ல மாட்டார். அவர் தப்புச் செய்வதாகவே நினைக்கவில்லை. தப்பு அங்கேதான் இருக்கிறது. மரம் அடுத்த நாள் மறுபடி பால் கொடுக்கும். மாயாண்டி மறுபடி எழுத மாட்டார்.

"நல்லம்மாகிட்டயே கேட்டிருக்கலாமே, அந்தப் பக்கத்துல என்னா இருந்திச்சின்னு?" என்றார் லியோனார்ட்.

கேட்டால் தொலைந்தது தெரிந்துவிடும். தவிர, கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சன்னாசி நினைத்தார். முன்னால் பிள்ளைக்குக் காய்ச்சல். பின்னால் அப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார். நடுவில் பிள்ளை பிழைத்திருக்கிறது. பிழைத்த பிள்ளைதான் தினமும் தன் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தஞ்சோங் ரம்புத்தானில் இறங்குகிறது. பிறகென்ன? ஆறு ஏழு வயதுப் பிள்ளையை ஏன் தோளில் தூக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். காய்ச்சலில் இளைத்திருக்கும் என்று பதிலும் சொல்லிக்கொண்டார். நல்லம்மாளின் வயதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

ஆக, எழுதினார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் எழுதினார். விடியும்போது பிள்ளையின் உடம்பு குளிர்கிறது. கண் திறந்து கஞ்சி கேட்கிறது. மரவள்ளிக்கிழங்குக் கஞ்சி. தோட்டத்தில் இருந்தால் மறுபடி காய்ச்சல் வரும் என்று மாட்டுவண்டியில் ஏற்றிச் சித்தியவானில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கடல். மீன். அத்தை பிள்ளைகளோடு பிள்ளை மணலில் ஓடுகிறது, உடம்பு தேறித் திரும்பி வருகிறது.

நன்றாகவே எழுதியிருந்தார். எனக்கு மாயாண்டியைவிடச் சன்னாசியின் நடை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டுமே நான் எழுதியவை என்றாலும்.

7

சனிக்கிழமை எல்லாம் தட்டி முடிந்தது. டொமினிக்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதல் புத்தகம். அவன் பாஷையில் முதல் மைல்கல். சரிபார்ப்பது அடுத்த வாரம் என்று பேச்சு. அவன் பொறுக்கவில்லை. காப்பி எடுத்து, ஞாயிற்றுக்கிழமையே கமுந்திங்குக்குக் கொண்டுபோய்க் கூட வேலை செய்பவர்களிடம் கொடுத்தான். அவர்களில் ஒருவன் தைப்பிங்கில் சொந்தக்காரனுக்குக் கொடுத்தான். அந்தச் சொந்தக்காரன் யாருக்குக் கொடுத்தான் என்று டொமினிக்குக்குத் தெரியாது. தெரியாததுதான் அவனுக்குச் சந்தோஷம். "இலவசம் லா. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். அதான் அதோட அழகு" என்றான் ரோசரியிடம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சரிபார்ப்பு. வழக்கம் என்னவென்றால் ஒருவர் பேப்பரைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் திரையில் எழுத்து எழுத்தாகப் பார்த்து வருவார். நல்லம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் ஒரு டின் நிறையக் கறிபாப் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் படிப்பாள், திரையில் ஓடும் ஆங்கில எழுத்துப் புரியாது. கேட்கத்தான் வந்தாள்.

காய்ச்சல் கட்டம் வந்தது. "ரோசரி பக்கம் எங்க?" என்று டொமினிக் பேப்பரைத் தேடினான்.

"அது அவ வீட்டுல இருக்கு. நான் ஸ்கிரீனைப் பாத்தே படிக்கிறேன்" என்றார் சன்னாசி. ரோசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் படித்தார். பிள்ளை கண் திறந்தது. கஞ்சி கேட்டது. நல்லம்மாள் கையிலிருந்த கறிபாப்பை டின் மூடி மேல் வைத்தாள். மாட்டுவண்டி வந்தது. பிள்ளை ஏறியது. வண்டி சித்தியவான் ரோட்டில் திரும்பியது.

"நிப்பாட்டுங்க அண்ணே."

நிறுத்தினார்.

"எங்கப்பா இப்படி எழுதல."

சன்னாசி திரையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அது நான் இல்ல அண்ணே" என்றாள் நல்லம்மாள். குரலை உயர்த்தவில்லை. "அது எங்கக்கா. அந்தக் காய்ச்சல்ல செத்துப்போச்சு. அதுக்கு மறுவருசம் பொறந்தவ நான். அது பேரத்தான் எனக்கு வச்சாங்க. நீங்க நானுன்னு நெனச்சிட்டீங்களா?"

சன்னாசி எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று எனக்கும் தெரியவில்லை, ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அதுக்கு பொறப்பு சூராட்டுன்னு ஒரு கடுதாசி இல்ல. எடுத்த போட்டோ இல்ல. பொதச்ச எடத்த ஈயம் எடுக்குற லம்பத்துக்காரன் தோண்டிட்டான், இப்ப அங்க கொளம்தான் இருக்கு. எங்கம்மா சாவுற வரைக்கும் என்னயக் கூப்பிடறப்பல்லாம் அதயும் சேத்துத்தான் கூப்பிட்டாங்க. அம்மாவும் போயாச்சு. அந்தக் கட்டத்துலதான் அது தனியா இருந்திச்சு. அதான் அழியாம வைக்கக் குடுத்தேன்."

அப்போதுதான் ரோசரி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். பல்வலி, மேசை, லாரி. சன்னாசி குறுக்கே புகுந்து, அது தன் பொறுப்பு என்றார். எழுதியது தான் என்றார். அவள் வாளியில் ஊற்றியதைக் கடைசியில் அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

8

இந்த அத்தியாயத்துக்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அ) சன்னாசி கமுந்திங், தைப்பிங் என்று அலைந்து ஒவ்வொரு டிஸ்க்காகத் தேடிப் பிடுங்குகிறார். கடைசி டிஸ்க்கை மழையில்— நிறுத்திவிட்டேன். சினிமா.

(ஆ) நல்லம்மாளுக்கு அந்தப் பக்கங்கள் மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல ரோசரி தட்டுகிறாள். பன்னிரண்டு பக்கமும் திரும்பி வருகின்றன. இது எல்லோருக்கும் பிடிக்கும் முடிவு. லியோனார்டுக்குக்கூடப் பிடித்தது. ஆனால் நல்லம்மாளை எனக்குத் தெரியும். அப்பா எழுதியதை அவள் இரண்டு முறைதான் படித்தாள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. முடிந்திருந்தால் டிஸ்க்கில் ஏற்றக் கொடுத்திருக்க மாட்டாள்.

(இ) நான் எழுதுவது. மாயாண்டியை உண்டாக்கியவள் நான். அந்தப் பிள்ளை செத்த விடியலை, அப்பா எழுதியது போலவே என்னால் எழுத முடியும். யார் தடுக்கப்போகிறார்கள்? பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். "அன்று விடியும்போது பிள்ளையின் உடம்பு சில்லிட்டு—"

அங்கேயே கை நின்றது. சன்னாசியை அயோக்கியன் என்று நான்கு முறை எழுதியவள், இப்போது அதே நிரையில் உளியோடு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஆகவே நடந்ததாக நான் ஒப்புக்கொள்வது இதைத்தான்:

சன்னாசி கேட்டார், "என்னா தங்கச்சி போடுறது அந்த எடத்துல?"

"ஒண்ணும் போடாதீங்க. எடம் விட்டுருங்க."

"வெட்டாம வுடுறதா?"

"ஆமாண்ணே. வெட்டாம வுடுங்க. ஒண்ணு இருந்திச்சு, இப்ப இல்லன்னு தெரியட்டும்."

"ஒரே கமாண்டுல அழிச்சிரலாம் அண்ணே" என்றான் டொமினிக். சன்னாசி ஒத்துக்கொள்ளவில்லை. தட்டியது ஒற்றை விரலில், அழிப்பதும் ஒற்றை விரலில் என்று உட்கார்ந்தார். எழுத்து எழுத்தாக அழிப்பதென்றால், அந்தக் கம்ப்யூட்டரில் கட்டத்தின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கித்தான் அழிக்க முடியும். ரோசரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மணலிலிருந்து அத்தை வீட்டுக்குள் போனது. வண்டியில் ஏறி ஒன்பதாங்கட்டைக்குத் திரும்பி வந்தது. கஞ்சிக் கிண்ணம் போனது. திறந்த கண் மூடியது. பிறகு டொமினிக்கின் அரை வாக்கியம் மட்டும் நின்றது. கீழே முடிவெட்டும் கடை ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் முழு நேரமும் உட்கார்ந்திருந்தாள். திரையில் எழுத்து குறைவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

இப்போது அந்த இடம் இப்படி இருக்கிறது:

அன்று விடியும்போது பிள்ளையின் உடம்பு



[இங்கே பன்னிரண்டு பக்கம் இல்லை. மாயாண்டி, கருப்பம்மாள் தம்பதியின் மூத்த மகள் நல்லம்மாள் இதில் இருந்தாள்.]



இதைத் தட்டியது ரோசரி. வார்த்தை நல்லம்மாளுடையது.

9

கட்டுரைக்காரர்கள் கவனத்துக்கு: ஆக, பேராக்கில் இலவச டிஸ்க்குப் புத்தகம் ஒன்று 1984இல் வந்தது, இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் பிள்ளை இல்லை, இல்லை என்று சொல்லியிருக்கிறது. இன்னொன்று டொமினிக் முந்திக்கொண்டு அனுப்பியது. அதைத் திருப்பி வாங்க முடியவில்லை. தைப்பிங்கிலோ, அதையும் தாண்டியோ, யாரோ ஒருவரின் டிஸ்க்கில் அந்தப் பிள்ளை இன்னும் சித்தியவான் மணலில் ஓடிக்கொண்டிருக்கிறது. டொமினிக் அதற்குப் பிறகு ஒரு புத்தகத்தையும் தையல் அறுக்கவில்லை. முதலில் எல்லோரும் உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டான். சட்டம் நல்லதுதான். அடுத்த புத்தகம் வரவே இல்லை.

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். லியோனார்ட் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "அந்தம்மா அப்புறம் சன்னாசிகிட்ட பேசுனாங்களா?" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

10

கொஞ்ச நாள் அவள் முந்திய பஸ்ஸில் போனாள். பிறகு ஒரு திங்கட்கிழமை சன்னாசியின் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். டவுன் தாண்டி, கூட்டம் இறங்கி, பஸ் காலியானது.

"அண்ணே."

"என்னா தங்கச்சி?"

"அன்னிக்கு நான் பாதில நிப்பாட்டிட்டேன்."

"நீ நிப்பாட்டுனதுதான் சரி மா."

"இல்ல. எழுத வேணாம், அது வேற." அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "வண்டி ஏறிச் சித்தியவான் போச்சே எங்கக்கா. அங்க போயி என்னா பண்ணிச்சி?"

சன்னாசி டிக்கெட் கட்டைப் பையில் போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பழைய பஸ், எஞ்சின் சத்தம் அதிகம். நான் எழுதும் பஸ்தான், சத்தத்தைக் குறைக்கலாம். குறைக்க மாட்டேன். நீங்கள் அவர்களுக்குப் பின்சீட்டில் இருக்கிறீர்கள், உங்களுக்குக் கேட்கும். தஞ்சோங் ரம்புத்தான் வர இன்னும் சில நிறுத்தங்கள் இருக்கின்றன. காதில் விழுவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் தட்டி வைக்காதீர்கள்.